பிள்ளை எந்தச் சங்கம்?

(உலக சிறுவர் தினத்தையொட்டி நடைபெற்ற மாதர் அணிக் கூட்டத்தில், தோட்டப் பாடசாலை ஆசிரியையும் சங்க அமைப்பாளருமான தோழியர் ஆற்றிய உரை.)



ஒக்டோபர் முதலாம் திகதி வந்தால் பாடசாலையில் பலூன் கட்டுகிறோம். பிள்ளைகளுக்கு இனிப்பும் கொப்பியும் கொடுக்கிறோம். நல்லதுதான். ஆனால் இரண்டாம் திகதி காலையில் அந்தப் பிள்ளைக்கு என்ன மாறியிருக்கிறது? ஒரு பிள்ளைக்கு நாம் கொடுப்பது அன்பளிப்பா, அல்லது அதற்குக் கொடுத்தே ஆகவேண்டிய பாக்கியா? நூறு வருடங்களுக்கு முன் இந்தக் கேள்வியை உலக நாடுகளின் மேசையில் கொண்டுபோய் வைத்த ஒரு பெண்ணைப் பற்றி இன்று பேசப்போகிறேன். அவர் பெயர் எக்லண்டைன் ஜெப். சர்வதேச அளவில் சிறுவர் பாதுகாப்பு என்ற வேலையைத் தொடக்கி வைத்தவர்களில் முதல் வரிசையில் நிற்பவர்.

அவர் நம்மைப் போல லயத்தில் பிறந்தவர் அல்ல. 1876ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ஷ்ரொப்ஷயர் பகுதியில், காணி பூமி உள்ள குடும்பத்தில் பிறந்தார். ஒக்ஸ்போர்டில் வரலாறு படித்தார். பிறகு ஆசிரியப் பயிற்சி எடுத்து, மார்ல்பரோ என்ற ஊரில் ஏழைப் பிள்ளைகள் படித்த பாடசாலையில் படிப்பித்தார். அது நீடிக்கவில்லை. உடம்பும் இடம் கொடுக்கவில்லை, வகுப்பறையும் அவருக்கு ஒத்துவரவில்லை. பிள்ளைகளைக் கண்டால் உருகிப்போகிற ஆளும் அவர் அல்ல. அவர் கல்யாணம் கட்டவில்லை, சொந்தப் பிள்ளையும் இல்லை.

இதை ஏன் சொல்கிறேன்? பிள்ளைகளுக்காக வேலை செய்ய "பிள்ளைப் பாசம்" மட்டும் இருந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். இந்த அம்மாவிடம் இருந்தது வேறு. கணக்கு எழுதும் பழக்கம் இருந்தது. வீடு வீடாய்ப் போய் விசாரிக்கும் பொறுமை இருந்தது. கேம்பிரிட்ஜ் நகரத்தில் ஏழைகள் எப்படி வாழ்கிறார்கள், எந்தத் தெருவில் என்ன குறை என்று தேடி எழுதி 1906இல் ஒரு புத்தகமாக வெளியிட்டார். பள்ளியை விட்டு வெளியேறும் பையன்கள் கிடைத்த எடுபிடி வேலையில் விழுந்து வீணாகாமல், தொழில் பழகும் இடங்களில் சேர்த்துவிட ஒரு பதிவகமும் அங்கே நடத்தினார். பெயர், வயது, என்ன படித்தான், எங்கே போனான் என்று குறித்து வைக்கிற வேலை அது. பார்த்தால் சின்ன வேலை. பின்னால் அவர் செய்த பெரிய வேலைக்கெல்லாம் அதுதான் பயிற்சி.

1913இல் பால்கன் போரில் அகதிகளானவர்களுக்கு உதவி கொண்டு மசிடோனியாவுக்குப் போனார். வீடு எரிந்து, ஊரை விட்டு விரட்டப்பட்ட குடும்பங்களைக் கண்டார். அன்றைக்கு ஒரு ரொட்டி கொடுத்தால் மறுநாளும் பசிக்கும், அவர்கள் திரும்ப நிலைத்து வாழ வழி செய்யாவிட்டால் உதவிக்கு முடிவே இராது என்று விளங்கிக்கொண்டு ஊர் திரும்பினார்.

அடுத்த வருடமே முதலாம் உலகப் போர் வெடித்தது. நான்கு வருடம் நடந்தது. அதில் பிரித்தானியக் கடற்படை ஜெர்மனிக்கும் அதன் கூட்டாளி நாடுகளுக்கும் சாமான் போகும் கடல் வழிகளை அடைத்தது. 1918 நவம்பரில் துப்பாக்கிகள் ஓய்ந்தன, ஆனால் முற்றுகை ஓயவில்லை. சமாதான ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கும் வரை பிடியை விடக்கூடாது என்று வென்றவர்கள் நினைத்தார்கள். முற்றுகை முழுவதுமாய் நீங்கியது 1919 ஜூலையில்தான். அந்த மாதங்களில் வியன்னாவிலும் ஜெர்மன் நகரங்களிலும் பிள்ளைகள் பாலில்லாமல், எலும்பு வளைந்து, காசநோய் பிடித்துக் கிடந்தார்கள்.

ஜெப்பின் தங்கை டொரத்தி பக்ஸ்ட்டன், போர்க்காலத்திலேயே விசேட அனுமதி பெற்று எதிரி நாட்டுப் பத்திரிகைகளை வரவழைத்து, அவற்றை மொழிபெயர்த்து வெளியிட்டு வந்தவர். உள்ளூர்ப் பத்திரிகை சொல்லாத சேதி அதில் இருந்தது. அக்காவும் தங்கையும் மற்றவர்களும் சேர்ந்து, பஞ்சத்துக்கு எதிரான ஓர் அமைப்பை 1919 ஜனவரியில் தொடங்கினார்கள். முற்றுகையை நீக்கு என்பதே அவர்கள் கோரிக்கை.

அந்த ஏப்ரலில் ஜெப் இலண்டன் டிரபல்கர் சதுக்கத்தில் துண்டுப் பிரசுரம் கொடுத்தார். பட்டினியால் உருக்குலைந்த ஓர் ஒஸ்திரியக் குழந்தையின் படம் அதில் இருந்தது. இது நம்முடைய முற்றுகை செய்த வேலை என்று கீழே அச்சிட்டிருந்தார்கள். தணிக்கை அதிகாரியின் அனுமதி வாங்காமல் அச்சடித்தார் என்று பொலிஸ் அவரைக் கைது செய்தது. நோட்டீஸ் கொடுத்ததற்குப் பொலிஸ் வருவது நம் சங்கக்காரர்களுக்குப் புதிய கதை அல்ல.

மே மாதம் வழக்கு நடந்தது. ஜெப் தனக்காகத் தானே வாதாடினார். சட்டப்படி அவருக்குத் தப்ப வழி இல்லை. அதனால் நியாயத்தைப் பேசினார். தீர்ப்பு ஐந்து பவுண் அபராதம். வழக்கு முடிந்ததும், அவருக்கு எதிராக வாதாடிய அரச சட்டத்தரணி சேர் ஆர்ச்சிபோல்ட் பொட்கின் தன் பையிலிருந்து ஐந்து பவுண் தாளை எடுத்து அவர் கையில் கொடுத்தார். ஜெப் அதைத் தன் அபராதத்துக்குக் கட்டவில்லை. பிள்ளைகளுக்கான நிதியில் சேர்த்தார். அந்த மாதம் 19ஆம் திகதி இலண்டன் அல்பர்ட் மண்டபத்தில் கூட்டம் போட்டு, "சிறுவரைக் காப்போம் நிதியம்" என்ற அமைப்பை அக்காவும் தங்கையும் தொடங்கினார்கள். இன்று "சேவ் த சில்ரன்" என்று நாம் அறிந்திருக்கிற அமைப்பு அதுதான்.

தாய்மாரே, அந்த நேரத்தில் இங்கிலாந்து மக்களின் மனநிலையை யோசித்துப் பாருங்கள். வீட்டுக்கு வீடு இழவு. மகனைக் கொன்றவன் நாட்டுப் பிள்ளைக்குப் பால் வாங்கக் காசு கொடு என்று ஒருத்தி வந்து கேட்டால் எப்படி இருக்கும்? துரோகி என்றார்கள். நம்ம பிள்ளைகள் பட்டினி கிடக்க எதிரிப் பிள்ளைக்கு ஏன் என்றார்கள். நாடகாசிரியர் பேர்னாட் ஷோ அதற்குக் கொடுத்த பதில் பிரசித்தமானது: ஏழு வயதுக்குக் கீழே தனக்கு எதிரிகள் யாரும் இல்லை என்றார் அவர்.

அவருக்குத் துணை நின்றவர்களில் பிரித்தானியச் சுரங்கத் தொழிலாளர் சம்மேளனத்தின் தலைவர் ரொபர்ட் ஸ்மைலியும் ஒருவர். நிலக்கரி வெட்டுகிற தொழிலாளர்கள் தங்கள் உழைப்புக் காசிலிருந்து, தாங்கள் கண்ணாலும் காணாத எதிரி நாட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். போரில் அவர்கள் வீடுகளிலும் பிள்ளைகள் செத்திருந்தார்கள். சர்வதேசத் தொழிலாளர் ஒற்றுமை என்று நாம் மே தினத்தில் சொல்கிறோமே, அதை அந்த மனிதர்கள் சோற்றிலும் பாலிலும் செய்து காட்டினார்கள்.

மத பேதத்தையும் ஜெப் பார்க்கவில்லை. தன் சொந்த ஆங்கிலிக்கன் சபையின் பேராயர் முதலில் தயங்கினார். அவர் ரோமாபுரிப் பக்கம் திரும்பினார். பாப்பரசர் பதினைந்தாம் பெனடிக்ற், 1919 டிசம்பர் 28ஆம் திகதி மாசற்ற குழந்தைகள் திருநாளன்று உலகெங்கும் உள்ள கத்தோலிக்கக் கோயில்களில் இந்தப் பிள்ளைகளுக்காகக் காணிக்கை எடுக்கும்படி சொன்னார். மற்ற சபைகளும் சேர்ந்துகொண்டன. அடுத்த மாதமே, 1920 ஜனவரியில், பல நாட்டு அமைப்புகளை இணைத்து ஜெனீவாவில் ஒரு சர்வதேச ஒன்றியம் உருவானது.

1921இல் ரஷ்யாவின் வொல்கா நதிப் பிரதேசத்தில் மழை பொய்த்தது. உள்நாட்டுப் போரும் தானியப் பறிமுதலும் சேர்ந்து கொடும் பஞ்சமாயிற்று. ரஷ்யா அப்போது கம்யூனிஸ்ட் நாடு. அதை ஒழித்துக்கட்ட இங்கிலாந்து படை அனுப்பி அதிக காலம் ஆகவில்லை. பொல்ஷவிக்குகளுக்குச் சாப்பாடு போடுவதா என்று பத்திரிகைகள் தாக்கின. ஜெப்பின் அமைப்பு கப்பலில் உணவு ஏற்றியது. நோர்வேக்காரரான நன்சன் நடத்திய நிவாரண வேலையோடு சேர்ந்து, சரத்தோவ் பிரதேசத்தில் சமையற்கூடங்களைத் திறந்தது. பஞ்சம் முற்றிய காலத்தில் நாளொன்றுக்கு மூன்று இலட்சம் பிள்ளைகள் வரை அங்கே சாப்பிட்டார்கள். பத்திரிகையில் முழுப்பக்க விளம்பரம் போட்டார்கள். பஞ்சத்தைப் படம் பிடித்து ஊர் ஊராய்த் திரையில் காட்டினார்கள். தர்மக் காசில் விளம்பரமா என்று குறை சொன்னவர்கள் உண்டு. ஆனால் பட்டினி கிடக்கும் பிள்ளையைப் பற்றி ஊருக்குச் சொல்லாமல் ஊரிடம் காசு வாங்க முடியாது என்று ஜெப்புக்குத் தெரிந்திருந்தது.

இவ்வளவு செய்த பிறகுதான் அவர் முக்கியமான இடத்துக்கு வந்தார். நிவாரணம் எப்போதும் கொடுப்பவர் மனதைப் பொறுத்தது. இன்று இரக்கம் வரும், நாளைக்கு வேறு சேதி வந்தால் இது மறந்துபோகும். பிள்ளையின் சோறு பெரியவர்களின் மனநிலையில் தொங்கக்கூடாது. ஆகவே பிள்ளைக்கு உரிமை உண்டு என்று உலகம் எழுதி ஒப்புக்கொள்ள வேண்டும். இந்த எண்ணத்தில், ஒரே பக்கத்தில் அடங்கும் ஐந்து அம்சங்களை எழுதினார். அவற்றை நம் பேச்சில் சொல்கிறேன்.

ஒன்று, உடலும் உள்ளமும் ஒழுங்காய் வளரத் தேவையானது பிள்ளைக்குக் கிடைக்க வேண்டும். இரண்டு, பசித்த பிள்ளைக்குச் சோறு, நோயுற்ற பிள்ளைக்கு வைத்தியம், பின்தங்கிய பிள்ளைக்குக் கைதூக்கல், வழிதவறிய பிள்ளைக்குத் திரும்பி வர வழி, அநாதைப் பிள்ளைக்கு இருப்பிடம். மூன்று, ஆபத்து வந்தால் முதல் உதவி பிள்ளைக்கு. நான்கு, வளர்ந்து பிழைக்க ஒரு தொழிலுக்குப் பிள்ளையைத் தகுதியாக்க வேண்டும், எந்த வகையான சுரண்டலிலிருந்தும் காக்க வேண்டும். ஐந்து, தன் திறமை சக மனிதருக்குப் பயன்பட வேண்டும் என்ற உணர்வோடு பிள்ளை வளர வேண்டும்.

இவற்றுக்கு முன்னால் ஒரு வாசகம் இருக்கிறது. இனம், தேசம், சமயம் எதையும் பாராமல் இது எல்லாப் பிள்ளைக்கும் உரியது என்கிறது அது. 1924 செப்டம்பர் 26ஆம் திகதி, ஐக்கிய நாடுகள் சபைக்கு முன்னிருந்த சர்வதேச சங்கம் இதை ஏற்றுக்கொண்டது. ஜெனீவாப் பிரகடனம் என்பது இதுதான். அதன் பிறகும் ஜெப் ஓயவில்லை. சர்வதேச சங்கத்தின் சிறுவர் நலக் குழுவில் ஆலோசகராக உழைத்தார். 1928 டிசம்பரில், ஐம்பத்திரண்டாவது வயதில், ஜெனீவாவிலேயே காலமானார்.

தோழர்களே, அந்தக் காகிதம் உடனே உலகத்தை மாற்றிவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. அது எந்த அரசாங்கத்தையும் சட்டப்படி கட்டவில்லை. நம் கதையையே பாருங்கள். பிரகடனம் வந்து மூன்று வருடம் கழித்து, 1927இல், இலங்கைத் தோட்டங்களில் இந்தியத் தொழிலாளருக்குச் சம்பளம் நிர்ணயிக்கும் சட்டம் வந்தது. ஆணுக்கு ஒரு சம்பளம், பெண்ணுக்கு ஒரு சம்பளம், பிள்ளைக்கு ஒரு சம்பளம் என்று அதில் எழுதினார்கள். பத்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையை வேலைக்கு வைக்கக்கூடாது என்பதே அந்தச் சட்டம் கொடுத்த பாதுகாப்பு. அதாவது, பத்து வயது ஆகிவிட்டால் பிரட்டுக்களத்துக்கு வரலாம். நம் பாட்டன் பாட்டிமார் அப்படித்தான் மலையேறினார்கள்.

1959இல் ஐக்கிய நாடுகள் சபை புதிய பிரகடனம் செய்தது. பிறக்கும் பிள்ளைக்குப் பெயரும் நாட்டுரிமையும் உண்டு என்று அதில் சேர்த்தது. அந்த வருடம் நம் மலைகளில் பிறந்த பிள்ளைகளின் நிலை என்ன? 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் தாய் தகப்பன் நாடற்றவர்கள், ஆகவே பிள்ளையும் நாடற்றது. பாலுக்கு அழுகிற பிள்ளைக்குப் பெற்றோரின் அரசியல் தண்டனை. அந்தப் பிரச்சினைக்குச் சட்ட முடிவு காண 2003 வரை போக வேண்டியிருந்தது.

ஆனாலும் அந்தக் காகிதம் வீண் போகவில்லை. 1989 நவம்பர் 20ஆம் திகதி அது சிறுவர் உரிமைகள் பற்றிய சமவாயமாக வளர்ந்தது. 54 உறுப்புரைகள் கொண்ட, நாடுகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் அது. அமெரிக்காவைத் தவிர ஏறத்தாழ எல்லா நாடுகளும் அதில் சேர்ந்திருக்கின்றன. இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்டது. 1998இல் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபை அமைக்கச் சட்டம் வந்தது. இப்போது ஐந்து முதல் பதினாறு வயது வரை பாடசாலைக் கல்வி கட்டாயம். 2021இல் வேலைக்கு வைக்கும் குறைந்த வயதும் பதினாறாக உயர்ந்தது. ஆபத்தான வேலைக்குப் பதினெட்டு வயதுக்குக் கீழே யாரையும் வைக்க முடியாது. இதெல்லாம் யாரும் போட்ட பிச்சை அல்ல. ஜெப் எழுதிய நாலாவது அம்சம் நடந்து நடந்து நம் ஊருக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

இனி நம் விஷயத்துக்கு வருகிறேன். சமவாயத்தின் இரண்டாவது உறுப்புரை எல்லாரும் மனதில் பதிக்க வேண்டியது. பெற்றோரின் நிலை, பெற்றோரின் செயல், பெற்றோர் வெளியிட்ட கருத்து, பெற்றோரின் நம்பிக்கை, இவற்றை வைத்து ஒரு பிள்ளைக்குப் பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது அது. நம் தோட்டங்களுக்கு இதற்கு என்ன அர்த்தம்? ஒரே லயத்தில் மூன்று சங்கம் இருக்கிறது. சந்தா எங்கே போகிறது என்பது தாய் தகப்பனின் தீர்மானம். ஆனால் மண்சரிவு வந்து ஜனங்கள் பாடசாலைக் கட்டடத்தில் தங்கும்போது, நிவாரணப் பட்டியல் எழுதுகிறவர் முதலில் கேட்கிற கேள்வி சில இடங்களில் "நீங்க எந்தச் சங்கம்?" என்பதாக இருக்கிறது. கொப்பி பகிர்கிற இடத்திலும் அந்தக் கேள்வி கேட்கிறது. ஒரு சங்கத்தை மட்டும் நான் சொல்லவில்லை.

"அவங்க நம்ம கூட்டத்துக்கு வர மாட்டாங்க, வேலைநிறுத்தத்தில நமக்கு எதிரா நின்னாங்க, அவங்களுக்கு ஏன் நாம செய்யணும்?" என்று ஒரு தோழர் கேட்கலாம். கோபத்தில் நியாயம் இருக்கலாம். அந்தக் கோபத்தை அந்தத் தகப்பனிடம் காட்டுங்கள், பிரட்டுக்களத்தில் வைத்து வாதாடுங்கள். அவர் பிள்ளையின் தட்டில் காட்டாதீர்கள். மகனைப் போரில் பறிகொடுத்த சுரங்கத் தொழிலாளி எதிரி நாட்டுப் பிள்ளைக்குப் பால் வாங்கக் கொடுத்தார். நமக்கு எதிரே இருப்பவரோ அடுத்த காம்பராக்காரர். நம் பிள்ளையும் அவர் பிள்ளையும் ஒரே பீலியில் தண்ணீர் குடித்து, ஒரே வகுப்பில் உட்காருகிறார்கள். சங்கக் கணக்கைப் பார்த்தாலும் இதில் நமக்கு நட்டம் இல்லை. பிள்ளைகளைப் பிரிக்காத சங்கத்தைத்தான் தாய்மார் நம்புவார்கள்.

ஆகவே மூன்று காரியங்களை இந்தக் கூட்டத்தின் முன் வைக்கிறேன்.

முதலாவது, ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் ஒரு பதிவுக் கொப்பி வைக்க வேண்டும். ஐந்து முதல் பதினாறு வயது வரையுள்ள எல்லாப் பிள்ளைகளின் பெயரும் லயம் லயமாய் அதில் இருக்க வேண்டும். எந்தத் தரத்தில் படிக்கிறது, பாடசாலைக்கு வருகிறதா, பிறப்புச் சான்றிதழ் இருக்கிறதா என்று குறிக்க வேண்டும். சங்கம் என்ற நிரல் அந்தக் கொப்பியில் வேண்டாம். பிறப்புப் பதிவு இல்லாத பிள்ளைக்குப் பிரதேச செயலகத்தில் காரியம் பார்த்துக் கொடுப்பது நம் வேலையாக இருக்கட்டும். என் வகுப்பில் வெறுமையாகும் கதிரை எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளை எங்கே போனது என்பது லயத்துக்குத்தான் தெரியும். இரண்டையும் சேர்க்க ஒரு கொப்பி தேவை.

இரண்டாவது, தரகர் விஷயம். "நல்ல வீடு, டீவி பார்க்கலாம், மாசம் காசு வரும்" என்று சொல்லிப் பிள்ளைகளைக் கொழும்பு வீடுகளுக்கும் கடைகளுக்கும் கூட்டிப் போகிறவர்களை எல்லாரும் அறிவீர்கள். போன பிள்ளைகள் சிலர் என்னவாய்த் திரும்பினார்கள் என்பதும் தெரியும். விலைவாசி ஏறி, அடுப்பு எரியாத வீட்டுத் தாயிடம் சட்டம் மட்டும் பேசுவது நியாயமல்ல. அந்த வீட்டுக்கு மாதர் அணி முதலில் போக வேண்டும். கடன் எவ்வளவு, பிள்ளைக்குச் சப்பாத்து இல்லையா, சாப்பாடு இல்லையா என்று கேட்டு, கமிட்டி நிதியிலிருந்து என்ன முடியுமோ செய்ய வேண்டும். பதினாறு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையை வேலைக்குக் கூட்டிப் போகப் பார்க்கிறவர் யாராயிருந்தாலும், நம் சங்கத்து ஆளாயிருந்தாலும், 1929 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். அது தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இலக்கம். ஒரு பிள்ளைக்கு அடி விழுந்தாலும், யாராவது கை வைத்தாலும் அதே இலக்கம்தான். குடும்ப மானம் என்று மூடி வைத்தால் மிஞ்சுவது பிள்ளையின் காயம் மட்டுமே.

மூன்றாவது, நிவாரணம். வெள்ளமோ சரிவோ தீயோ எது வந்தாலும், முதல் சாமான் பிள்ளை உள்ள வீட்டுக்கும் கர்ப்பிணித் தாய்க்கும். பட்டியலை ஒரு சங்கத்து ஆள் தனியே எழுதக்கூடாது. மற்றச் சங்கத் தலைவர்மாரையும், பிள்ளைமடுவத்துப் பொறுப்பாளரையும், ஆசிரியர் ஒருவரையும் பக்கத்தில் வைத்து எழுத வேண்டும். இதை அவர்களோடு பேச நம் தலைவர்மாரே முதலில் போக வேண்டும். யார் முதலில் போவது என்று கௌரவம் பார்க்க வேண்டாம்.

எக்லண்டைன் ஜெப் நீதிமன்றத்தில் தோற்றார், அபராதமும் விழுந்தது. எதிர்ப்பக்கத்தில் நின்ற மனிதரே காசை எடுத்து நீட்டினார். நியாயம் பிள்ளையின் பக்கம் இருந்தால், நமக்கு எதிரே நிற்பவரும் ஒருநாள் கை நீட்டுவார். ஆனால் அதற்கு முதலில் நாம் நோட்டீஸைக் கொடுத்தாக வேண்டும்.

இந்த மூன்றையும் தீர்மானமாக எடுத்து, அடுத்த மாதச் சம்பளத்துக்கு முன் ஒவ்வொரு தோட்டத்திலும் பதிவுக் கொப்பியைத் திறக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். கொப்பிக்குக் கோடு போட்டு எழுதிக் கொடுக்க நான் வருகிறேன், என்னோடு மற்ற ஆசிரியர்களும் வருவார்கள். பெயர் சொல்ல நீங்கள் வாருங்கள்.